மெல்ல விட்ட தண்ணீர்

“…அப்ப இவ்வளவு காலமும் அது சூட்டுக்குள்ளயா கிடந்தது, தம்பி?”

அக்கா இப்படிக் கேட்டபோது, குழாய்க்குள்ளிருந்து வழித்தெடுத்த சேற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நான் நின்றேன். அதுவரை சேற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது சேற்றைப் பற்றி அல்ல என்று கேள்வி வந்த பிறகுதான் உறைத்தது. ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவன் நான். வாய் அடைத்துப்போன காலைகள் எனக்கு அதிகம் இல்லை. அது அப்படியான ஒன்று.

ஆரையம்பதிக்குப் பக்கத்தில், வாவியை ஒட்டி ஒரு சின்ன ஐஸ் தொழிற்சாலை. மீன்காரருக்குக் கட்டி ஐஸ் செய்து கொடுக்கிற இடம். அதை நடத்துகிறவர்தான் அக்கா. எனக்கு இரத்த உறவில்லை. அவர் சைவக்காரர், நான் காத்தான்குடி முஸ்லிம். ஆனாலும் முதல் நாளே “தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு மெசினைப் பாருங்க” என்று சொன்னதால் அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார். நான் வெளிநாட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில், குளிர் மெசின்களுக்குப் பக்கத்தில் நின்று, சத்தத்தைக் கேட்டும் தொட்டுப் பார்த்தும் தொழில் பிடித்தவன். திரும்பி வந்து பிரிட்ஜ் திருத்துகிற கடை போட்டேன். அங்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அந்தத் தொழிற்சாலையில் ஐஸ் இழுக்கிற மனிதர். வயதில் என்னைவிட இளையவர், வாயில் மூத்தவர். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காக்கா என்பார்.

“மெசினுக்குக் காய்ச்சல், காக்கா. சும்மா ஓடிட்டு இருக்கும், திடீரெண்டு நிண்டிரும். மறுகா சூடு ஆறினாப்போல ஒழும்பும். கட்டி ஐஸைத் தூக்கினா நடுவில தண்ணி. மீன்காரன் கேக்கிறான், இதை மீனுக்குப் போடுறதா, சர்பத்துக்குப் போடுறதா எண்டு.”

ஐஸ் செய்வதென்றால் குளிரை உண்டாக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சூட்டை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம், அவ்வளவுதான். தகரப் பெட்டியில் இருக்கிற தண்ணீரின் சூட்டை அமோனியா வாங்கிக்கொண்டு வாயுவாகும். கொம்பிரசர் அந்த வாயுவைப் பிடித்து நெருக்கும். நெருக்கிய வாயு தொடமுடியாத சூட்டோடு கொண்டென்சருக்குள் வரும். கொண்டென்சர் என்பது ஒரு நீளமான இரும்பு உருளை. அதற்குள் ஒல்லிக் குழாய்கள் கட்டுக்கட்டாகப் போகும். குழாய்களுக்குள்ளே பம்ப் இழுத்துவிடுகிற ஆற்றுத் தண்ணீர் ஓடும். எங்கள் ஆட்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். வாயுவின் சூடு குழாய்ச் சுவரைத் தாண்டித் தண்ணீருக்குப் போக, தண்ணீர் அதைச் சுமந்துகொண்டு ஆற்றுக்கே திரும்பும். ‘சுமை தூக்கி வாறவனுக்கு வழி விடு’ என்பது என் உம்மா சொல்கிற சொல். குளிர் மெசின் தொழில் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

வழி விடாமல் மறிப்பது சேறு. கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தண்ணீரில் மிதந்து வரும். குழாய்ச் சுவரில் போய் ஒட்டும். நகத்தின் கனத்துக்கு ஒட்டினாலே போதும், குழாய் கம்பளி போர்த்துக்கொண்டது போல ஆகிவிடும். சூடு வெளியே போகாது. வாயு ஆறித் திரவமாகாது, உள்ளே அழுத்தம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் ஏறினால் மெசின் வெடிக்காமல் இருப்பதற்காகத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஐஸ் இழுக்கிறவர் காய்ச்சல் என்று சொன்னது பிழையே இல்லை.

மெசின் நிற்பது மற்றவர்களுக்கு நட்டம். அக்காவுக்கு அது வேறு. அவருடைய கணவர்தான் அந்தத் தொழிற்சாலையை ஓட்டியவர். யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் ஒரு நாள், வாவிக்கு அக்கரையில் படுவான்கரைப் பக்கத்து மீன்காரரைக் கண்டு வருகிறேன் என்று தோணியில் போனார். தோணி மட்டும் திரும்பி வந்தது. துடுப்பு உள்ளே ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததாம். அதற்குப் பிறகு சுனாமி கடற்கரையில் இருந்த அவர்களுடைய வீட்டைக் கொண்டுபோனது. அக்கா உள்பக்கத்தில் நிவாரணமாகக் கட்டிக் கொடுத்த வீடொன்றுக்கு மாறினார்.

“வீடு மாறிட்டு. தெரு மாறிட்டு. என்ட முகமும் மாறிட்டு” என்று அவர் ஒரு நாள், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வந்த இடையில் சொன்னார். “அவருக்குத் தெரிஞ்ச இடம் எண்டு மிச்சம் இருக்கிறது இது ஒண்டுதான். இந்தக் கொம்பிரசர் சத்தம் ஆத்துக்கு நடுவில நிண்டாலும் கேக்கும். சத்தத்தைப் பிடிச்சு வரலாம்தானே.”

நான் ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு மூத்தவரான ராத்தாவின் கணவரும் அதே காலத்தில் நெல் எடுக்கப் போய் வராதவர். ராத்தா இன்றைக்கும் வீட்டுக் கதவுக்கு உள்கொண்டி போடுவதில்லை. கள்ளன் வந்தால் வரட்டும் என்பார்.

கணவரின் தமையன் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறார். தொழிற்சாலையில் அவருக்கும் பங்கு. எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அந்த மாரியில் மோட்டர்சைக்கிளில் வந்து, மெசின் நின்றிருந்ததைப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: “பொங்கல் வரைக்கும் பாப்பம் புள்ள. அதுக்குள்ள ஒழுங்கா ஓடினா ஓடட்டும். இல்லாட்டி பூட்டுவம். இரும்புக்காவது போகும்.”

அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் தடவை கொண்டென்சரின் மூடியைக் கழற்றியபோது நானே திடுக்கிட்டேன். ஹோட்டலில் நான் கண்டது மருந்து போட்ட, கண்ணாடி போன்ற தண்ணீர். இங்கே ஒவ்வொரு குழாய் வாயும் சாம்பல் நிறத்தில் தூர்ந்து, விரல் விடவும் இடமில்லாமல் இருந்தது. வெளிப்பக்கம் தயிர் போல இளகிய சேறு. சுவரோடு ஒட்டியது மீன்செதில் போலக் காய்ந்து இறுகியிருந்தது. மாரி வெள்ளம் வட்டை என்கிற வயல்வெளிகளைக் கழுவிக்கொண்டு வருகிற வயல்மண், அழுகிய பாசி, பொடிச் சிப்பி எல்லாம் அதில் இருந்தன. நீளக் கம்பியில் பிரஷைக் கட்டி ஒவ்வொரு குழாயாகக் குத்தித் தள்ளினோம்.

விழுந்த சேற்றை வடிகானுக்குள் கழுவிவிடலாம் என்று நான் வாளியைத் தூக்கினேன். ஐஸ் இழுக்கிறவர் என் கையைப் பிடித்தார். அக்கா ஒரு பேசினோடு வந்தார். சேறு முழுவதையும் அதில் வாங்கினார். பிறகு நிலத்தில் குந்தி, அரிசியில் கல் பார்ப்பது போல, விரல்களால் மெல்ல மெல்லப் பிசைந்து பார்த்தார். சிப்பி ஓடு, நண்டின் கால், நைலோன் வலையின் ஒரு துண்டு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“ஒண்டுமில்லை” என்றார் கடைசியில். அது ஆறுதலா, ஏமாற்றமா என்று குரலில் பிடிபடவில்லை. பேசினைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் போய், தண்ணீருக்குப் பக்கத்தில் குனிந்து, சத்தம் வராமல் ஊற்றினார்.

மெசின் அன்றைக்குப் புதுமாப்பிள்ளை போல ஓடியது. ஆனால் அது நிலைக்கவில்லை. கொஞ்ச நாளில் மறுபடி ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, கொண்டென்சருக்குத் தண்ணீர் விடுகிற வால்வு முக்கால்வாசி மூடிக் கிடக்கிறது. நான் திறந்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோதும் மூடிக் கிடந்தது.

“ஆர் இதைக் கிறுக்கினது?” என்று கேட்டேன். கிறுக்குவது என்றால் எங்கள் பக்கத்தில் திருப்புவது.

ஐஸ் இழுக்கிறவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நானில்லை காக்கா. அவர்தான், காணாமப்போன முதலாளி. அவர் இருக்கக்கோளயும் இப்பிடித்தானாம், வால்வைக் குறைச்சு வைப்பாராம். ஓடுற தண்ணி கலங்கும், நிண்ட தண்ணி தெளியும் எண்டு சொல்லுவாராம். விடிய வந்து பாத்தா வால்வுச் சக்கரம் ஈரமா இருக்கு. பம்ப் கிணத்தடியில ஈரக்கால் அடையாளம் இருக்கு. நான் என்னத்தைச் சொல்ல?”

“கால் அடையாளம் வெறுங்காலா, செருப்பா?”

“பகிடி பண்ணாதீங்க. உங்கட ஆக்கள் தண்ணி ஓதிக் குடுக்கிறதானே. கொண்டென்சருக்கும் கொஞ்சம் ஓதி ஊத்திப் பாருங்களன்.”

“பிரஷ் போடாம ஓதி ஊத்தினா ஓதின தண்ணியும் சேறாப் போகும்” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்தைத் தொடும்போதெல்லாம் கை ஒரு கணம் தயங்கியது. இரும்பு ஈரமாகத்தான் இருந்தது. வாவியோரத்தில் பனிக்காலத்தில் எந்த இரும்புதான் ஈரமில்லாமல் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு காலை, பனி மூடி ஆறு எங்கே கரை எங்கே என்று தெரியாமல் இருந்தது. நான் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஊசி ஏறியது, மெசின் நின்றது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து பழகிய காதுக்கு அது நிற்பது ஒரு வகைச் செவிடு. அந்த அமைதிக்குள், தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

“ஓய்… கரை எந்தப் பக்கம்?”

ஐஸ் இழுக்கிறவரின் கையிலிருந்து கட்டி தூக்குகிற கொளுக்கி விழுந்தது. அக்கா எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். சேலை நனைய முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினார்.

“இஞ்சால! இஞ்சால வாங்க! இஞ்சதான், இஞ்ச!”

துடுப்புச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து முதலில் தோணியின் மூக்கு வந்தது, பிறகு மனிதர். நரைத்த தாடி, தலையில் துவாய். அக்கா அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தார். அந்த மனிதர் ஐஸுக்கு வந்தவர். “மெசின் சத்தத்தை வச்சுத்தான் வந்தன் புள்ள. நடுவில நிப்பாட்டினா நாங்க எங்க போறது?” என்று செல்லமாக ஏசினார்.

“தேத்தண்ணி ஊத்துறன், இரிங்க” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார்.

“ஒவ்வொரு தோணிக்கும் இப்பிடித்தான் பாக்கிறவ, காக்கா” என்றார் ஐஸ் இழுக்கிறவர். கீழே விழுந்த கொளுக்கியை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

வால்வு எனக்குள்ளே குடைந்துகொண்டே இருந்தது. மெல்ல விட்டால் தண்ணீர் தெளியும் என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். ஆற்றோடு வாழ்கிற ஆட்கள், பிழையாகவா சொல்வார்கள்? எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது. ஆனால் வால்வைக் குறைத்த நாட்களில்தான் சேறு கூடுதலாகக் கிடந்தது.

அந்த மாரியில் வெள்ளம் கூடி, வயல்கள் அழியாமல் இருக்க ஆற்றுவாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு விட்டார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். வெட்டின இடத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்கு ஓடியது, கலங்கல் என்றால் அப்படி ஒரு கலங்கல். நாலைந்து நாள் கழித்து வெள்ளம் வடிந்த பிறகு அதே இடத்தில் இறங்கினேன். காலுக்குக் கீழே சுத்தமான மணல். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, சதுப்பில் நிற்கிற கண்ணா மரங்களுக்குள், தண்ணீர் அசையாமல் தெளிவாக நின்ற இடத்தில் கால் வைத்தேன். முழங்கால் வரை புதைந்தது. பக்கத்தில் வலை உதறிக்கொண்டு நின்ற ஒருவர் சிரித்தார்.

“ஓடுற இடத்தில சேறு நிக்குமா? நிண்ட இடத்திலதான் குடியிருக்கும்” என்றார்.

அந்த மனிதருக்கு நான் பால் விடாத பிளேன்ரீ ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் தெளிகிறது என்றால் அதிலிருந்த சேறு எங்கேயோ இறங்குகிறது. வால்வைக் குறைத்தால் தண்ணீர் குழாய்க்குள்ளேயே தெளிகிறது. வேகமாக விட்டால் கலங்கலாக வரும், ஆனால் வந்தது நிற்காமல், சுவரையும் உரசிக்கொண்டு போய்விடும். பழமொழி பிழையில்லை. தண்ணீர் குடிக்கிறவருக்கு அது சரி. எங்களுக்குத் தெளிந்த தண்ணீர் தேவையில்லை, சுத்தமான சுவர்தான் தேவை.

இதைச் சொல்வதற்காக மறுநாள் காலையில் வேளைக்கே போனேன். தை பிறக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மெசின் அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் கிணற்றடியில் அக்கா நின்றார். செருப்பில்லாத காலில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஆற்றிலிருந்து தண்ணீர் வருகிற வாயில் பெரிய குப்பைகளைப் பிடிக்கக் கம்பிக்கூடை ஒன்று இருக்கும். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் வந்திருக்க வேண்டும். ஈரக் கையால் வால்வுச் சக்கரத்தைப் பிடித்து மூடிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துவிட்டதை அவரும் கண்டார். கையை எடுக்கவில்லை.

“நான்தான் தம்பி” என்றார். “பேய் எண்டு சொல்லி வெருட்டிட்டாங்களா உங்களை? பேய்க்கு என்னத்துக்கு வால்வு?”

“ஏன் அக்கா மூடுறீங்க?”

“அவர் குறைச்சுத்தான் வைப்பார். அவர் வச்ச மாதிரி இருக்கட்டுமெண்டுதான் முதல்ல வச்சன். மறுகா…” கூடையைப் பார்த்தார். “கடுமையா இழுத்தா வாறது நொறுங்கிப்போயிரும். மெல்ல இழுத்தா, வாறது முழுசா வரும். ஆறு வாங்கினதைத் திருப்பித் தரும் எண்டு மாமி சொல்லுவா. எப்ப எண்டு மட்டும் சொல்லாதாம்.”

கணவர் உயிரோடு சத்தத்தைப் பிடித்து வருவார் என்று மெசினை ஓடவைக்கிறார். அவர் உயிரோடு இல்லை என்றால், ஆறு தருவதைப் பத்திரமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வால்வை மூடுகிறார். இரண்டில் ஒன்று மற்றதைக் கொன்றுகொண்டிருந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால், என் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மெசினை நிறுத்தச் சொன்னேன். ஐஸ் இழுக்கிறவரும் நானும் மூடியை இறுக்கியிருந்த பூட்டாணிகளைக் கழற்றி அதை எடுத்தோம். ஒரு குழாய்க்குள் விரலை விட்டு, சுவரோடு ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து அக்காவிடம் காட்டினேன்.

“இஞ்ச பாருங்க அக்கா. கூடையில பெரிசு மட்டும்தான் நிக்கும். பொடியா வாறதெல்லாம் கூடைக்குள்ளால இஞ்ச வருது. வாய் வெட்டின இடத்தில சேறு நிண்டதைக் கண்டிருக்கீங்களா? வேகமா விட்டா இதுகளும் நிக்காது, வந்த வழியே ஆத்துக்குப் போயிரும். நீங்க மெல்ல விடுறதால இஞ்சயே இறங்கிப் படியுது. குழாய்க்கு அங்கால கொதிக்கிற வாயு. அந்தச் சூட்டில கிடந்து காய்ஞ்சு, இரும்போட இரும்பா ஒட்டிப்போகுது. ஆத்துக்கும் போகாது, உங்களுக்கும் வராது.”

என் விளக்கம் எனக்கே நன்றாக இருந்தது. அப்போதுதான் அவர், இவ்வளவு காலமும் அது சூட்டுக்குள்ளயா கிடந்தது என்று கேட்டார். ஆற்றில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருகிறது, அந்தப் பொடிக்குள் யார் இல்லை என்று சொல்ல யாரால் முடியும் என்று அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு எட்டியது.

உள்ளங்கைச் சேற்றை நான் பேசினுக்குள் வழித்துவிட்டேன். ஐஸ் இழுக்கிறவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என் கையிலிருந்த பிரஷை வாங்கினார். மேல்வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு குழாயாகத் தானே குத்தித் தள்ளினார். நாங்கள் உதவிக்குப் போனபோது தலையை மட்டும் ஆட்டினார். வெயில் ஏறி, கூரைத் தகரம் வெடிக்கத் தொடங்கிய பிறகுதான் கடைசிக் குழாய் முடிந்தது. சேறு நிரம்பிய பேசினைத் தூக்கினார். இந்த முறை குந்தவில்லை, விரல் வைத்துப் பார்க்கவில்லை. நேரே ஆற்றுக்குப் போய் ஊற்றிவிட்டு, பேசினையும் அலசிக்கொண்டு வந்தார். நாங்கள் மூடியைப் பூட்டியதும் “போடுங்க” என்றார். பம்ப் ஓடத் தொடங்கியது. அவர் வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, அது இனித் திரும்பாது என்கிற இடம் வரைக்கும் திறந்தார். கொம்பிரசர் எழும்பி, அதன் சத்தம் தண்ணீருக்கு மேலே போனது. அக்கா வெளியே நடந்து, தண்ணீர் ஆற்றில் திரும்பி விழுகிற குழாயடியில் குந்தி, விழுகிற தண்ணீருக்குக் கீழே கையை நீட்டி, உள்ளேயிருந்து சுமந்து வந்த சூடு அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.